குண்டூசியின் நிழல்

மனித குலம் எழுத்தைக் கண்டுபிடித்த நாள் முதல் ஒரே தவற்றைத்தான் செய்துவந்திருக்கிறது: உட்கார்ந்து எழுதுவது. அந்தத் தவற்றைத் திருத்தியவர் என் சகலை. பெருமையில் எனக்கும் சிறு பங்குண்டு. அவர் கணினி வாங்கப் போனபோது பையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். ஓய்வுபெற்றவனுக்கு இதைவிட உயர்ந்த பதவி ஏது?

எங்கள் மாமனார் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இறக்கத்தில் பிரேக் போன பஸ்ஸை, ஒரு பயணிக்கும் கீறல் விழாமல், மணல் குவியலில் ஏற்றி நிறுத்தியவர். டாக்டர் அவர் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு, வாசலில் எங்களிடம் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போன பிறகு, அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: அந்தக் கதையைப் புத்தகமாகத் தன் கண்ணால் படிக்க வேண்டும். பெரிய மாப்பிள்ளையான என்னிடம் பேனா இருந்தது. சின்ன மாப்பிள்ளையான சகலையிடம், கணினியில் புத்தகம் எழுத உதவும் 'செயலி' இருந்தது. குடும்பம் ஏகமனதாகச் செயலியைத் தேர்ந்தெடுத்தது.

அது என்ன லேசுப்பட்டதா? திறந்தால் திரை முழுக்க, நோட்டீஸ் குத்திவைக்கும் தக்கைப் பலகையின் படம். தடவிப் பார்க்கத் தோன்றும். அதில் குறிப்பு அட்டைகள். ஒவ்வோர் அட்டையின் தலையிலும் ஒரு குண்டூசி. குண்டூசிக்கு நிழல் வேறு. நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தீர்மானிக்கவே சகலைக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவசரக்காரர்களுக்கு இலக்கியம் எதற்கு? பலகையை மூன்றாகப் பிரித்தார்: 'எழுத வேண்டியவை', 'எழுதப்படுபவை', 'முடிந்தவை'.

மாமனார் சொல்லச் சொல்ல, சகலை அட்டை போட்டார். 'பிறப்பு' பச்சை. 'லைசென்ஸ்' நீலம். 'பிரேக்' வந்ததும் பணி ஸ்தம்பித்தது. விபத்துக்குச் சிவப்பு, வீரத்துக்கு மஞ்சள். இது எதில் சேரும்? இதற்கென்றே கூடத்தில் 'வண்ண ஆலோசனைக் கூட்டம்' கூட்டப்பட்டது. கொழுந்தியாள் ஆரஞ்சை முன்மொழிந்தாள். அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் என்றாள் என் மனைவி. அது தீர்மானத்தில் ஏறவில்லை.

"நீங்களே சொல்லுங்க மாமா. அன்னைக்கு உங்களுக்கு இருந்தது பயமா, தைரியமா?"

"ரெண்டும் இல்ல மாப்பிள்ளை. மணல் எங்க கெடக்குன்னு பார்த்தேன்."

சகலை வெகுநேரம் யோசித்து, 'மணல்' என்று புது அட்டை போட்டார். அதற்கு நிறம் கிடைக்காமல் இன்னொரு கூட்டம் நடந்தது.

மாமனார் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறினார். பலகையும் சும்மா இருக்கவில்லை; அட்டைக்கு அட்டை நூல் இழுத்து, நூலுக்கும் நிறம் கொடுத்தாயிற்று. அட்டைகள் முந்நூறைத் தாண்டின. வாக்கியங்கள் எத்தனை என்று கேட்பது அநாகரிகம் என்பதால் நான் கேட்கவில்லை. மாமனாருக்கு அந்த நாகரிகம் போதாது.

"ஒரு பக்கமாவது ஆயிருக்கா மாப்பிள்ளை?"

"கட்டமைப்பு ரெடி மாமா. எழுதறது என்ன, கடைசி வேலை. அது தானா வந்துடும்."

மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். பலகையின் கடைசி மூலையில் ஒரு சாம்பல் நிற அட்டை: 'மறைவு'. சகலை அவசரமாக உள்ளங்கையால் அதை மூடினார்.

"அது... ஒரு முழுமைக்காக மாமா."

"இருக்கட்டும், கைய எடுங்க. இது ஒண்ணாவது தானா வந்துடும்."

சொன்ன நேரத்துக்கு வண்டி எடுத்தே பழகியவர். சொன்னபடி செய்தார்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சகலை பலகையைத் திறந்து காட்டினார். குண்டூசியின் நிழலைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள். நூலின் நிறத்தைப் பாராட்டாதவர் இல்லை. சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சாம்பல் அட்டையை மெல்ல இழுத்து 'முடிந்தவை' பிரிவில் கொண்டுபோய் விட்டார்.

அந்தப் பிரிவுக்கு வந்த முதல் அட்டை அது. அதையும் மாமனார்தான் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.