கவரின் மூலையில் கரி

ராஜபாளையம்

எல்லையில் காவல் நிற்கும் என் மகன் பாண்டிச்செல்வத்துக்கு அப்பா உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உனக்கு அய்யனார் துணை இருப்பார். நிற்க.

முகாமில் போனை வாங்கி வைத்துக்கொண்டதால் நீ கடிதம் போடுவது சரிதான். அதற்காக அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தா எழுதுவாய்? கவரின் ஒரு மூலை முழுக்கக் கரி. நல்ல சேதிக்கு மூலையில் மஞ்சள், சாவுச் சேதிக்குக் கறுப்பு என்பது பட்டாளத்துக்குப் போனதும் மறந்துபோகுமா? தபால்காரர் வந்தபோது வாசலில் நின்றது உன் பெரியப்பா கண்ணுச்சாமி. சாவோலையை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதாம். பிரித்துக்கூடப் பார்க்காமல் கவரோடு கிழித்துச் சாக்கடை ஓரம் வீசிவிட்டு, "ஏலே உக்கிரபாண்டி, பய நம்மளை விட்டுப் போயிட்டாம்லே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். உன் அம்மா அப்படியே சரிந்துவிட்டாள். அந்த மாதிரிச் சேதி என்றால் ஆபீசர் வருவார், போன் வரும் என்று சொல்ல எனக்குப் புத்தி இருந்தது, ஆனால் உன் அம்மாவுக்குத் தண்ணீர் தெளிக்க ஓடிவிட்டேன். தெருவே கூடிவிட்டது. யார் சொன்னார்களோ, பந்தல்காரன் நாற்காலிகளை இறக்கிவிட்டான். மடவார் வளாகத்திலிருந்து உன் மச்சான் விக்னேஸ்வரன் பெரிய ரோஜா மாலையோடு பைக்கில் வந்து இறங்கினான். அதை யாருக்குப் போடுவதென்று தெரியாமல் தோளில் வைத்துக்கொண்டே அழுதான்.

உன் பெண்டாட்டி கார்த்திகா மட்டும் அழவில்லை. நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்த் துண்டுகளைப் பொறுக்கினாள். "பெரிய மாமா, மேல்விலாசம் அவுக எழுத்துல்லா! செத்தவுகளா எழுதிப் போடுவாக?" என்றாள். பெரியப்பா செத்த நேரம் யோசித்து, "அங்கன வேற யாரும் செத்ததை எழுதியிருப்பானோ?" என்றார். துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்தோம். நன்றாகச் சாப்பிடுகிறாயாம், குளிர்தான் தாங்கவில்லையாம். பிள்ளைக்கு வைக்கச் சொல்லி நீ எழுதிய பெயர் இருந்த துண்டை மட்டும் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. சாவுக்கு வாங்கிய மாலையைச் சாமிக்குப் போட முடியுமா? அதையும் அந்த ஆட்டுக்கே போட்டோம்.

ஆகவே சண்டை ஓயும்வரை நீ கடிதமே எழுத வேண்டாம். எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. கடமையைப் பார். தலைச்சன் பிள்ளையின் முகம் பார்த்து நீ நூறு வயது வாழ அப்பாவின் ஆசீர்வாதம்.

பின்குறிப்பு: துண்டுகளைச் சேர்த்தபோது தேதி இருந்த துண்டு என் கையில் கிடைத்தது. உங்கள் பக்கம் குண்டு விழுந்ததாக டி.வி.யில் சொன்னார்களே, அதற்கு முந்தின நாள் எழுதியிருக்கிறாய். நான் யாரிடமும் காட்டவில்லை. வீட்டில் எல்லோரும் ஆட்டுக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும் கூடச் சிரிக்கிறேன். கடிதம் வேண்டாம் என்றதெல்லாம் பொய். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. கவர் எப்படி இருந்தாலும் சரி, இன்றைய தேதி போட்டு ஒரு வரி எழுது.