உப்புப் பானைக்கு ஒரு டோக்கன்

விழுப்புரம்,
18-6-58

திண்டிவனம் மல்லாட்டைக் கடலை மண்டி உயர்திரு வேங்கடேசன் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற ரயில்வே கேபின்மேன் பச்சைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். உங்கள் நலத்துக்கும், முக்கியமாக உங்கள் நாக்கின் நலத்துக்கும் பதில் எழுத வேண்டும். சம்பந்தி என்று எழுதத்தான் ஆசை. ஆனால் போன வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்து எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டு, "அப்புறம் சொல்லி அனுப்பறோம்"னு நீங்கள் செருப்பைத் தேடிய வேகத்தைப் பார்த்தபின் தைரியம் வரவில்லை.

அன்றைக்குச் சாம்பார், ரசம், கூட்டு எதிலும் உப்பில்லை. அதற்கு என் மகள் ஜெயம் காரணமே இல்லை. எங்கள் அடுப்படியில் என் சம்சாரம் லட்சுமியம்மாள், மருமகள் பூமாலை, தங்கை அஞ்சம்மாள் என்று மூன்று பேர். ஒருத்தி போட்டது தெரியாமல் மற்றவளும் உப்புப் போட, தினம் குழம்பு வாயில் வைக்க முடியாத பேஜாரு. ரயில்வேயில் கிழம் ஆனவன் சும்மா இருப்பேனா? ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் பந்து வாங்கின டிரைவர்தான் வண்டியை எடுக்கலாம், அதனால்தான் இரண்டு வண்டி மோதிக்கொள்வதில்லை. அதேபோல ஒரு மரப்பந்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து அடுப்படி ஆணியில் மாட்டினேன். காலையில் அதை எடுத்து மடியில் செருகியவள்தான் அன்றைக்கு உப்புப் பானையைத் தொடலாம். குழம்பு அருமையாக வந்தது, எனக்கும் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை பந்தை எடுத்துச் செருகிய அஞ்சம்மாள், இந்தச் சம்பந்தம் நல்லபடியாக முடிய வேண்டுமென்று திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொள்ள, உப்புப் போடாமலே பஸ் ஏறிவிட்டாள்.

"பந்து அஞ்சம்மா அத்தகூட பஸ்ல போய்க்கினு இருக்குது மாமா. இப்ப யாரு போடறது?" என்று பூமாலை கையைப் பிசைந்தாள். ஜெயம், "நான் ஒரு கை போட்டுடறேம்பா, அவங்க இலையில உக்காந்துட்டாங்க" என்று கெஞ்சினாள். நான்தான், "டோக்கன் இல்லாம வண்டி எடுக்கறதா? கைய ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினேன். இலையோரத்தில் வைக்கிற உப்புக்கும் அதே சட்டம். பாவம், உங்கள் தம்பி ஊறுகாய் ஜாடியையே மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

நீங்கள் போனபிறகு ஜெயம் கண்ணைத் துடைத்துக்கொண்டே மிச்சச் சாம்பாரில் உப்புப் போட்டாள். ஐயா, என்ன ருசி! அதைச் சாப்பிடாமல் போனீர்களே என்று என் வயிறு எரிகிறது. அஞ்சம்மாள் திரும்பி வந்ததும் பந்தை வாங்கி அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டேன். இனி இந்த வீட்டில் டோக்கன் என்ற பேச்சே கிடையாது, இது சத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் குடும்பத்தோடு வந்து ஜெயம் கையால் சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள். பெரியவர்களுக்கு நமஸ்காரம், மாப்பிள்ளைத் தம்பிக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பச்சைமுத்து

பி.கு: உங்களிடமிருந்து பதில் வராத பயத்தில் லட்சுமியம்மாள் அதே ஞாயிறு காலைக்கு, எனக்குத் தெரியாமல், கண்டாச்சிபுரத்து மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டாளாம். வேறு வழியில்லை, புதுப் பந்துக்குப் பெயிண்ட் அடித்துக் காயவைத்திருக்கிறேன். பந்து கொண்டு வருகிறவர்களுக்குத்தான் வாசல் திறக்கும். யாருக்கு அனுப்பட்டும் என்று ஜெயத்தைக் கேட்டேன். "திண்டிவனத்துக்கே குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். ஞாயிறு காலை என் மகன் பந்தோடு திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வருவான். அது கைக்கு வரும்வரை தயவுசெய்து ஸ்டேஷனை விட்டு நகர வேண்டாம்.