தலைவரின் பால்நிலை

ஆவணி முடிவதற்குள் மச்சான் நிஷாந்தனுக்குக் கலியாணம் செய்து வைத்துவிடுவது என்று குகதாசன் தீர்மானித்தார். தீர்மானிக்கும் முன் சாத்திரியாரைக் கேட்டார். பெண்ணின் தகப்பன் தயாபரனைக் கேட்டார். நிஷாந்தனைக் கேட்கவில்லை. ஊர்ப் பால் சங்கத்துக்குத் தலைவரான நாள் முதல், சம்பந்தப்பட்டவர்களைக் கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

ஜெகதீஸ்வரி சொல்லிப் பார்த்தார். நிஷாந்தன் அவருடைய ஒரே தம்பி.

"இஞ்சேருங்கோ, அவனுக்குப் பொம்பிளையளிலை மனம் போறேல்லை. எத்தினை தரம் சொல்லுறது?"

"கட்டினால் போகும்."

"அவன் ஜெயந்தனோடை குடும்பமா இருக்கிறான்."

"கிளிநொச்சியிலை வீட்டு வாடகை அப்பிடி. ஆர்தான் தனிய இருக்கேலும்?"

"வாடகைக்காக ஆராவது மற்றவனுக்கு விடியக்காலமை எழும்பிப் புட்டு அவிப்பானோ?"

"நல்ல பழக்கம். நாளைக்குப் பெண்சாதிக்கும் அவிச்சுக் குடுப்பான்."

"அந்தப் பெட்டை சாரங்கான்ரை சீவியத்தையும் சேத்துப் பாழாக்கப் போறியள்."

"உமக்கு உலகம் தெரியாது, ஜெகதா."

ஜெகதீஸ்வரி அதற்குப் பிறகு பேசவில்லை. மனைவி பேச்சை நிறுத்தினால் பயப்பட வேண்டும் என்பது குகதாசனுக்கு இத்தனை காலத்திலும் பிடிபடவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்து இன்னொரு தேத்தண்ணி கேட்டுக் குடித்தார்.

அந்த வாரக் கடைசியில் அவர் கேட்காமலே தேத்தண்ணி வந்தது. கூடவே ஒரு விண்ணப்பமும் வந்தது.

"உங்கடை சங்க மண்டபத்தை எங்கடை மாதர் சங்கத்துக்கு ஒரு பின்னேரம் தாங்கோ. வவுனியாவிலையிருந்து சிவரூபி எண்டு ஒரு பிள்ளை வந்து வகுப்பு எடுக்கிறா."

"என்ன வகுப்பு?"

"பால்நிலையும் பன்முகத்தன்மையும்."

குகதாசன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பால் நிலை! பாலின் நிலை பற்றி வன்னியில் அவரை விட யாருக்குத் தெரியும்? மணத்தை வைத்தே எப்போது திரியும் என்று சொல்வார். ஒரு மிடறு குடித்துவிட்டு, இதில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் கலந்திருக்கிறது என்றும் சொல்வார்.

"தலைமையுரை ஆர்?"

"நீங்கள்தான். வேறை ஆர் இருக்கினம்?"

"என்னென்ன கதைக்கிறவை?"

"தன்பால், எதிர்ப்பால், இருபால் எண்டெல்லாம் வரும்."

"அதெல்லாம் எனக்கு விளங்கும்."

விளங்கியும் விட்டது. தன்பால் என்றால் தன் வீட்டு மாட்டில் கறந்தது. எதிர்ப்பால் என்றால் எதிர் வீட்டில் வாங்குவது. இருபால் என்றால் பசுப்பாலும் எருமைப்பாலும் கலந்தது. இதற்கு ஒருத்தி வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வரவேண்டுமா என்று அவருக்கு மனவருத்தமாகக்கூட இருந்தது. ஜெகதீஸ்வரி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினார். பாவம், இருமல் என்று நினைத்தார் குகதாசன்.

வகுப்பு நடந்த ஆடிப் பின்னேரம் மண்டபம் நிரம்பிவிட்டது. பெண்கள் வகுப்பு எதைப் பற்றியது என்று தெரிந்து வந்தார்கள். ஆண்கள் தின்பதற்குப் பற்றீஸ் கொடுக்கிறார்கள் என்று தெரிந்து வந்தார்கள். தயாபரன் முன் வரிசையில் இருந்தார். குகதாசன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"சபையோருக்கு வணக்கம். இந்த விசயத்திலை எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. நான் சின்ன வயசிலையே இருபாலும் பாத்தவன்."

மண்டபம் அப்படியே அடங்கியது. நன்றாகக் கேட்கிறார்கள் என்று அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஆனால் எனக்குப் பிடிச்சது எண்டால் தன்பால்தான். ஒளிச்சு மறைச்சு என்ன? எதிர்ப்பாலிலை எனக்கு ஒருநாளும் நம்பிக்கை வந்ததில்லை. ஜெகதாவையே கேட்டுப் பாருங்கோ."

எல்லாத் தலைகளும் ஜெகதீஸ்வரி பக்கம் திரும்பின. அவர் பணிவாகத் தலையாட்டினார்.

"அதுக்காக எதிர்ப்பால்காரரை நான் குறை சொல்லமாட்டன். அவரவருக்கு எது ஒத்துவருதோ அதுதான் சரி. வற்புறுத்திப் பருக்கினால் வயித்திலை நிக்குமோ? நிக்காது! சிலபேருக்கு எந்தப் பாலுமே வேண்டாம். வெறுந்தேத்தண்ணியோடை சந்தோசமா இருக்கினம். அவையளையும் ஒருத்தரும் பகிடி பண்ணப்படாது."

கைதட்டல் ஓயவே இல்லை. சிவரூபி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எத்தினையோ ஊருக்குப் போயிருக்கிறன். இவ்வளவு வெளிப்படையா ஒரு தலைவர் கதைச்சதை நான் கேட்டதேயில்லை" என்று சொல்லிவிட்டு, சுவரில் படம் காட்டத் தொடங்கினார்.

முதல் படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் இருந்தார்கள். குகதாசன் மாட்டுக்காகக் காத்திருந்தார். அடுத்த படத்தில் இரண்டு பெண்கள் கைகோத்து நின்றார்கள். மாடு பின்னால் வரும் என்று பொறுத்திருந்தார். மூன்றாவது படத்தில் இரண்டு ஆண்கள் வந்தபோதுதான், பள்ளிக்கூடத்தில் படித்த ஆண்பால் பெண்பால் அவருக்கு நினைவு வந்தது. தான் ஊருக்கு முன்னால் என்ன சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் ஒவ்வொரு வரியாக நினைவு வந்தது.

எழுந்து மறுக்கலாம். மறுத்தால், மனிதரைப் பற்றிய வகுப்பை மாட்டு வகுப்பு என்று நினைத்த தலைவர் என்று ஊரெல்லாம் சிரிக்கும். ஆகவே அசையாமல் இருந்தார்.

"ஐயா சொன்னது போல, ஆர் மேலை ஆருக்கு மனம் போகும் எண்டது வற்புறுத்தி வாறதில்லை" என்றார் சிவரூபி. கைதட்டினார்கள். "ஐயா சொன்னது போல, இது வருத்தமும் இல்லை, பிழையும் இல்லை. கலியாணம் கட்டி வைச்சால் மாறும் எண்டது பொய். அதாலை ரெண்டு சீவியந்தான் வீணாப் போகும்."

இதை ஐயா சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தபோது, தைப்பொங்கலுக்கு வரும்போதெல்லாம் வாய் திறவாமல் மூலைக்கதிரையில் இருந்துவிட்டுப் போகும் நிஷாந்தனின் முகம் ஐயாவுக்குத் தெரிந்தது. பாவம் அந்தப் பெடியன் என்று முதல் தடவையாக உண்மையாகவே பட்டது.

வகுப்பு முடிந்ததும் குகதாசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தயாபரனிடம் போனார். ஒரு பெரிய மனிதர் செய்ய வேண்டியதைச் செய்தார்.

"தயாபரன், குறை நினையாதையும். எங்கடை சம்பந்தம் வேண்டாம். மச்சான்ரை மனம் வேறை."

தயாபரன் பற்றீஸை விழுங்கிவிட்டுச் சொன்னார். "அதை ஜெகதா அக்கா வைகாசியிலையே வந்து சொல்லி நிப்பாட்டிப்போட்டா, தலைவர். சாரங்காவுக்கு முள்ளியவளையிலை ஒரு மாப்பிளை பொருந்தி நாளும் வைச்சாச்சு. நீங்கள் கேட்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லச் சொன்னவா."

ஜெகதீஸ்வரி வாசலில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். குகதாசன் போய் எதிரே நின்றார்.

"கலியாணம் எப்பவோ நிண்டிட்டுதாம். பிறகென்னத்துக்கு என்னை மேடையிலை ஏத்தினனீர்?"

"கலியாணத்துக்கு ஆர் ஏத்தினது? ஞாயிற்றுக்கிழமை தம்பி ஜெயந்தனையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வாறான். ஊருக்கு முன்னாலை இவ்வளவும் கதைச்ச மனுசன் வீட்டிலை இனி மூஞ்சையைத் தூக்கேலாது பாருங்கோ."

குகதாசன் வாயைத் திறந்தார். பக்கத்தில் சிவரூபி மரியாதையோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயை மூடினார்.

"ஊர்க்கோழி ஒண்டு பிடிச்சு உரிச்சுத் தாங்கோ" என்றார் ஜெகதீஸ்வரி. "ஜெயந்தனுக்கு உறைப்புக் கூடப்படாதாம், தூளையும் நீங்களே பாத்துப் போடுங்கோ."