ருஃபீனா வரைஞ்ச ஆடு

நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும், பனிக்காலத்துல என் நாக்கு இரும்புக் கம்பத்துல ஒட்டிக்கட்டும்.

சோவியத் ஆட்சி நடந்த நாள்ல, வோலக்தா ஊர் ஓவியர் சங்கத்துல ருஃபீனான்னு ஒருத்தி. கூட்டுப்பண்ணைக் கூட்டத்தை வரையச் சொல்லி மேலிடத்து உத்தரவு. போய்ப் பாத்தா, மேடையில தலைவர் சாதனையா அடுக்குறாரு, கீழே சனம் பூரா தூங்குது. பாத்ததை அப்படியே வரைஞ்சுட்டா. மாட்டினா சங்கத்தை விட்டுத் தூக்கிடுவாங்க. அப்புறம் பெயின்ட் ஏது, பிரஷ் ஏது? தொழுவம் கூட்ட வேண்டியதுதான்.

அதனால படத்துல முன்வரிசை நாற்காலியில ஒரு ஆட்டையும் உக்கார வெச்சா. அதிகாரின்னா எதையாவது எடுக்கச் சொல்லியே ஆகணும். எடுக்க ஒண்ணும் இல்லேன்னா மிச்சத்தைப் பாக்க ஆரம்பிச்சுடுவாரே!

படத்தைச் சரிபாக்குற அதிகாரி தோழர் க்ளெபனோவ் பதக்கம் குலுங்க வந்தாரு. பின்னால நாலு தலையாட்டிங்க.

"இது என்னம்மா?"

"ஆடுங்க தோழர்."

"தெரியுது. நாற்காலியில எதுக்கு?"

"கால்நடைகளோட அரசியல் விழிப்புணர்வுங்க."

நாலு பேரும் தலையாட்டினாங்க. க்ளெபனோவ் முறைச்சதும் நிறுத்திட்டாங்க.

"எடுத்துடுங்க."

"ஐயோ, படத்தோட உயிரே அதான்! தாடியாவது இருக்கட்டுமே?"

"தாடியா? ஆபீஸ் சுவத்துல எந்தெந்தத் தலைவருங்க தாடியோட படமா தொங்குறாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

ருஃபீனா கைக்குட்டையால மூஞ்சியை மூடி விம்மினா. உள்ளுக்குள்ள சிரிப்பு. ஆடு போச்சு. 'கருத்தியல் பிழை களையப்பட்டு, ஓவியம் மக்கள் பார்வைக்கு உகந்ததென அங்கீகரிக்கப்படுகிறது'ன்னு முத்திரையும் விழுந்துச்சு.

கண்காட்சித் திறப்பு விழா. அந்தப் படத்துக்குக் கீழேயே மேடையில நின்னு க்ளெபனோவ் பேசினாரு. உருளைக்கிழங்கு விளைச்சலைத் தாண்டி உருக்கு உற்பத்திக்கு வர்றதுக்குள்ள கூடமே தூங்கிடுச்சு. தலையாட்டிங்க மட்டும் தூக்கத்துலயும் ஆட்டிக்கிட்டிருந்தாங்க.

திடீர்னு பேச்சு நின்னுச்சு. கூட்டத்தைப் பாத்தாரு. திரும்பிப் படத்தைப் பாத்தாரு. மறுபடி கூட்டத்தைப் பாத்தாரு. ருஃபீனாவுக்கு மாட்டுத் தொழுவம் கண்ணுக்குள்ள வந்து போச்சு.

மெதுவா இறங்கி வந்தாரு. அவ காதுகிட்ட குனிஞ்சாரு.

"ஏம்மா, அந்த ஆடு முழிச்சுக்கிட்டுதானே இருந்துச்சு?"

"ஆ... ஆமாங்க தோழர். மேடையைத்தான் பாத்துக்கிட்டிருந்துச்சு."

"திரும்ப வரைஞ்சுடும்மா. ஒருத்தராவது கேக்கட்டும்."

அவ்வளவுதான் கதை. நடுவுல தூங்கினவங்க ஆளுக்கொரு கிளாஸ் டீ வாங்கிக் குடுத்துட்டுப் போங்க. முழிச்சிருந்த ஆடு யாரோ, சர்க்கரை அவங்க செலவு.