ஆறு வாசகர்களும் ஒரு தலையணையும்

இந்த வருடமும் எங்கேயும் போவதில்லை என்று அவர் சபதம் எடுத்துக்கொண்டார். பல் தேய்த்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்து, வாய் நிறைய நுரையோடு எடுத்த சபதம். நுரையோடு எடுத்தது நுரையாகத்தான் போகும் என்று அவருக்கு அப்போது யார் சொல்வது?

ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நகர நூலகத்தில் வேலை. பயணப் புத்தகப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. எந்த மலைக்கு எந்த மாதம் போகலாம், எந்த ஏரியில் எந்தப் படகுக்காரரை நம்பலாம், எந்தக் கோட்டைக்கு எத்தனை படி, எல்லாம் விரல் நுனியில். விடுமுறைக் காலம் வந்தால் அவர் மேசைக்கு முன்னால் ஜனங்கள் வரிசை கட்டி நிற்பார்கள். நூலகத்தில் அவருக்கு வைத்த பெயரே 'உலகம்சுற்றி'தான். பெயர் மட்டும்தான் சுற்றியது. ஆள் வீடு விட்டால் நூலகம், நூலகம் விட்டால் வீடு. நடுவில் மாதம் ஒருமுறை முடிவெட்டும் கடை.

காரணம், ஒரு தலையணை.

கல்யாணமான புதிதில் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கினார். அங்கே போட்டது தலையணையா தடுப்பணையா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. நாலாம் நாள் கழுத்து இடது பக்கம் திரும்பி அங்கேயே நின்றுகொண்டது. திரும்பி வரும் பஸ்ஸில், இடது பக்கத்து அம்மாள், "அப்போதிருந்து என்னையே என்னய்யா பார்வை?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். ஜன்னல் காற்றில் சுளுக்கிக்கொண்டது என்று மனைவியிடம் சொல்லிச் சமாளித்தார். வீட்டுக்கு வந்து, மனைவி தைத்துக் கொடுத்த தலையணையில், அழுத்தினால் நச்சென்று நாலு விரற்கடை நிற்கும் அந்தத் தலையணையில் தலை வைத்தவர்தான். பதினெட்டு வருடமாக வேறொன்றில் வைக்கவில்லை.

இதை வெளியில் சொல்ல முடியுமா? ஊருக்கெல்லாம் வழி சொல்கிற உலகம்சுற்றி ஒரு பஞ்சுப் பொதிக்குப் பயந்து வீட்டோடு கிடக்கிறார் என்றால் மானம் என்ன ஆவது? அதனால் வருடத்துக்கு ஒரு காரணம் சொல்வார். ஒரு வருடம் மழை. ஒரு வருடம் வெயில். ஒரு வருடம் மழையுமில்லை, வெயிலுமில்லை, அதனால் சந்தேகம்.

மனைவி தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின், சுவரெல்லாம் நூல்கண்டு, மேசைமேல் அளவு நோட்டு. அந்த நோட்டில் ஏறாத இடுப்பு அந்தத் தெருவில் இல்லை.

"ஏங்க, மேல்வீட்டுப் பல் டாக்டருக்குத் திரை தைச்சு முடிச்சாச்சு. வந்து பாருங்களேன்."

திரை முழுக்க அலை. நீல அலை, வெள்ளை நுரை, ஓரத்தில் ஒரு படகு.

"பிரமாதம்."

"பல்லு பிடுங்க வர்றவங்களுக்கெல்லாம் நான் கடல் காட்டறேன். எனக்கு யாரு காட்டுவாங்க?"

அவருக்கு மணி அடித்துவிட்டது. மெதுவாகச் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

திருப்பிப் பிடித்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"முதல் லீவுல கடல்னு சொன்னீங்க."

"முதல் லீவு வரட்டும், பார்க்கலாம்னு சொல்லியிருப்பேன்."

"பதினெட்டு லீவு வந்துட்டுப் போயிடுச்சுங்க. அலைகூட இத்தனை தடவை வந்து ஏமாத்தாது. இந்த வருஷம் பன்னிரண்டு நாள் இருக்காம். எடுக்கலைன்னா வீணாப் போயிடும்னு உங்க மேடமே சொன்னாங்க."

மேடம் என்றால் தலைமை நூலகர். நூலகத்து ஜன்னல் திரையெல்லாம் இவள் கைவேலை என்பதால் இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம். அந்தப் பழக்கம் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

மனைவி திரையை மடித்தாள். மடித்துக்கொண்டே, சண்டைக் குரல் இல்லாமல் சொன்னாள்.

"எனக்கு நாற்பத்து நாலு ஆச்சு. கடலைத் துணியில மட்டும் பார்த்துட்டே போய்ச் சேர்ந்துடுவேனோன்னு இருக்கு."

அவருக்கு நெஞ்சு உருகியது. கழுத்துதான் உருகவில்லை.

அந்த இக்கட்டில்தான் அவர் மூளையில் ஒரு வெளிச்சம் அடித்தது. அவர்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பயணப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். புத்தகத்தைப் படித்துவிட்டு அந்த ஊருக்குப் போய் வந்தவர்கள், புத்தகம் எப்படி, ஊர் எப்படி என்று அதில் தங்கள் கருத்தை எழுதலாம். பெயர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. புத்தகத்தை நம்பாதவர்கள்கூட அந்தச் சீட்டை நம்புவார்கள்.

"போகலாம்," என்றார் பெருந்தன்மையாக. "ஆனா கண்ணை மூடிட்டுக் கிளம்ப முடியுமா? நீயே புத்தகம் எடு. நீயே சீட்டைப் படி. வாசகர் ஒருத்தர்கூடக் குறை சொல்லாத ஊராப் பாரு. அடுத்த நாளே மூட்டையைக் கட்டிடுவோம்."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நூலகத்து மேல சத்தியம்."

"சரிங்க," என்றாள் அவள்.

பெண்டாட்டி வாதாடாமல் சரி என்றால் புருஷன் எழுந்து போய் வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் பார்க்கவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு நன்றாகத் தூங்கினார், நாலு விரற்கடையில்.

மறுநாள் நூலகம் திறந்ததும் முதல் வேலையாகக் கடற்கரைப் புத்தகத்தை எடுத்தார். சீட்டில் ஏற்கெனவே மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்றும் புகழ்ச்சி. இடுக்கு முடுக்கெல்லாம் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

'கடல் பரவாயில்லை. விடுதித் தலையணை கல். — ஓய்வுபெற்ற நீதிபதி.'

இது கறுப்பு மை. அடுத்தது சிவப்பு மை, சாய்ந்த எழுத்து.

'குழந்தைகளோடு போகாதீர்கள். தலையணை மிக உயரம். — இரு குழந்தைகளின் தாய்.'

அதற்கடுத்து, இடது கையால்:

'நாலு விரற்கடைக்கு மேற்பட்ட தலையணை மனிதத் தலைக்கு ஆகாது என்பதை இந்த ஊர் இன்னும் உணரவில்லை. — அனுபவசாலி.'

இப்படி ஆறு பேர். ஒவ்வொரு முறையும் கூட்டம், காற்று, மணல் என்று வேறு ஏதாவது எழுதத்தான் நினைப்பார். பேனா தானாகத் தலையணையில் போய்ச் சாய்ந்துவிடும். பத்து ஊர் பார்த்தவனுக்கு நூறு குறை தெரியும். இவர் பட்டதே ஒரு அடிதான். எங்கே தொட்டாலும் அங்கேதானே வலிக்கும்?

கடற்கரையோடு விட்டாரா? மலை, ஏரி, அருவி, கோட்டை என்று ஒன்பது புத்தகங்களுக்கு இருபத்தேழு வாசகர்களைப் பெற்றெடுத்தார். பெற்ற வலியில் விரல் வீங்கிவிட்டது.

மனைவி வந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சீட்டு.

"ஏங்க, இந்த மலை அழகாத்தான் இருக்கு. ஆனா 'தலையணையில் கட்டி' அப்படின்னு ஒரு தபால்காரர் எழுதியிருக்காரே."

"அப்படியா! அடடா. தபால்காரர் பொய் சொல்ல மாட்டார்."

"ஏரிக்கரையில 'தலையணை வழுக்குகிறது'ன்னு ஒரு பாட்டு டீச்சர்."

"பாவம், குரல் கெட்டிருக்கும்."

"தலையணைக்கும் குரலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"கழுத்து வழியாத்தானே குரல் வருது?"

அவள் "ம்" என்று சொல்லி அளவு நோட்டில் ஏதோ குறித்துக்கொள்வாள். துணிக்கணக்கு என்று நினைத்துக்கொண்டு இவர் இன்னொரு கரண்டி சோறு கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கைகழுவி வந்து உட்கார்ந்தவர் முன்னால் ஒன்பது புத்தகங்களையும் அடுக்கினாள். மேலே கடற்கரைப் புத்தகம். பக்கத்தில் அளவு நோட்டைத் திறந்தாள்.

"ஒன்பது ஊருங்க. இருபத்தேழு பேரு குறை சொல்லியிருக்காங்க."

"நான்தான் அப்பவே சொன்னேனே. உலகத்துல நல்ல ஊரே இல்லைம்மா. வீடுதான்..."

"இருபத்தேழு பேருக்கும் ஒரே குறை. தலையணை."

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"அதுலயும் இந்தக் கடற்கரையில ஆறு பேரு. உயரம், கல்லு, நாலு விரற்கடை. ஒரே அளவு, ஆறு உருப்படி! எந்தத் தையல்காரிக்குங்க இப்படி ஆர்டர் கிடைக்கும்? அவங்க முகவரியை வாங்கிட்டு வாங்க. ஆளுக்கொரு தலையணை தைச்சுக் கொடுத்துடறேன். பாவம், எத்தனை நாளாக் கழுத்து வலியோட இருக்காங்களோ."

அவள் அதைச் சொல்லும்போது அவர் கழுத்தைத்தான் பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

"முகவரியெல்லாம் வெளியில கொடுக்கக் கூடாது. நூலக விதி."

"அதனால என்ன, நாளைக்கு நானே வந்து மேடம்கிட்டக் கேட்டுக்கறேன்."

மேடம்! சீட்டில் நூலகத்து ஆளே கள்ளக் கருத்து எழுதியது தெரிந்தால் மேடம் அவரைப் பயணப் பிரிவிலிருந்து எடுத்து, கிழிந்த புத்தகத்துக்குப் பசை தடவும் அறையில் உட்கார வைத்துவிடுவாள்.

"வேண்டாம், வேண்டாம்! அவங்க யாரும் இப்போ இங்கே இல்லை."

"நீதிபதி?"

"வெளியூர்."

"ரெண்டு குழந்தையோட அம்மா?"

"அவங்களும் வெளியூர். குழந்தைங்களும் வெளியூர்."

"அனுபவசாலி?"

"அவர் முதல்லயே போயிட்டார்."

"எல்லாரும் எந்த ஊருக்குங்க போனாங்க?"

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். அன்றைக்கு இருந்தது. நேரே குழியைப் பார்த்து நடந்தது. பதில் தேடி அலைந்த அவர் கண், மேலே கிடந்த புத்தக அட்டையில் போய் நின்றது. வாய் பின்னாலேயே போனது.

"க... கடற்கரைக்கு."

"இதே கடற்கரைக்கா?"

"வருஷா வருஷம் போவாங்க," என்றார். ஏன் சொன்னார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடேங்கப்பா! தலையணை கல்லுன்னு எழுதின நீதிபதியே வருஷா வருஷம் அங்கேதான் போறாரா? கல்லுல தலை வைச்சாலும் பரவாயில்லைன்னு ஆறு பேரும் ஓடறாங்கன்னா அந்தக் கடல் எப்படிங்க இருக்கும்!"

"அது வந்து..."

"இருக்கறது ஒரே குறை. நம்ம தலையணையை நாமளே எடுத்துட்டுப் போயிட்டா அதுவும் இல்லை. ஒருத்தர்கூடக் குறை சொல்லாத ஊரு கிடைச்சாச்சுங்க. நூலகத்து மேல சத்தியம் பண்ணியிருக்கீங்க."

சொல்லிவிட்டு மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்தாள். பல் டாக்டர் திரையில் மிஞ்சிய அலைத்துணி. பையின் வாயில் சுருக்குக் கயிறு. அவர் தலையணையை உள்ளே விட்டாள். அளவெடுத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

"இதை எப்போ தைச்சே?"

"போன வாரம்," என்றாள், நூலைப் பல்லால் கடித்து.

கிளம்பினார்கள். பஸ்ஸில் தலையணையை மடியில் வைத்து, வங்கிக்குப் பணம் கொண்டு போகிறவர் மாதிரி இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். விடுதியில் பெட்டியை வைத்த கையோடு அவள் மணலில் இறங்கிவிட்டாள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அலை வந்து கணுக்காலை நனைத்தது. அவள் பேசவேயில்லை. பதினெட்டு வருடத்தில் அவள் இத்தனை நேரம் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை. பயந்துபோனார்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"துணியில சத்தம் இல்லைங்க," என்றாள்.

அவ்வளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீர் என்று இவர் நினைத்துக்கொண்டார். அப்புறம் அலை இவ்வளவு உயரம் அடிக்கவில்லையே என்று யோசித்து, செருப்பை ஒரு கைக்கு மாற்றி, இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து நாளுக்கு என்று போனவர்கள். ஐந்தாம் நாள், "இன்னும் ஏழு நாள் லீவு இருக்கே, வீணாப் போயிடுமே," என்றது அவர்தான். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், கட்டில் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த விடுதித் தலையணையை ஒருமுறை திருட்டுத்தனமாக அழுத்திப் பார்த்தார். நாலு விரற்கடை. நச்சென்று. யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்தார்கள். எடுத்த புத்தகங்களை எல்லாம் அன்றைக்கே மனைவி நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் வேலைக்குப் போனவருக்கு மனசாட்சி உறுத்தியது. ஒரு நல்ல கடலுக்குச் செய்த துரோகத்துக்குப் பரிகாரமாக, சொந்தப் பெயரில், சொந்தக் கையால், உண்மையான கருத்து ஒன்று எழுத வேண்டும். பேனாவைத் திறந்துகொண்டு கடற்கரைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

அவருடைய ஆறு பேருக்கும் கீழே புதிதாக ஒரு கருத்து இருந்தது. அளவு நோட்டில் பார்த்துப் பழகிய குண்டு எழுத்து. ஓரத்தில், 'படித்தேன், மிக்க மகிழ்ச்சி' என்று மேடத்தின் கையெழுத்து வேறு.

'புத்தகம் நன்று. கடல் அதைவிட நன்று. விடுதித் தலையணையை அளந்து பார்த்தேன், நாலு விரற்கடைதான். மேலே குறை எழுதியிருக்கும் ஆறு வாசகர்களோடும் பன்னிரண்டு நாள் ஒரே அறையில் தங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஆறு பேரும் நன்றாகக் குறட்டை விட்டார்கள்.'