மலைமேல் நான் குடியேற்றிய புள்ளிகள்

பத்திரிகையில் பக்கம் கட்டிப் பழகியவனுக்கு வெள்ளைத் தாளைக் கண்டால் ஆகாது. மதுரையில் ஒரு நாளிதழில் ஒன்பது ஆண்டுகள் அந்த வேலை பார்த்தேன். அரை அங்குலம் காலியாக இருந்தாலும் ஒரு துணுக்கைத் திணித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன். இந்தப் பழக்கத்தால், வடகிழக்கில் இருக்கும் ஒரு மலை மாநிலத்தின் மக்கள்தொகையை ஒரே மதியத்தில் பல மடங்கு கூட்டிவிட்டேன். அங்கு வாழ்பவர்கள் யாருக்கும் இதில் பங்கு கிடையாது.

நாளிதழில் ஆட்களைக் குறைத்தபோது நானும் குறைந்தேன். சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த அத்தான் (அக்காவின் கணவர்) எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். காலண்டர் அச்சகத்தில் ஆடியிலிருந்து மார்கழி வரைதான் மூச்சு விட நேரமிருக்காது. மாசி வந்தால் மெஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அந்த ஆண்டு அப்படி அனுப்பக் கூடாது என்று அத்தான் அலைந்து பிடித்த ஆர்டர் அது. அந்த மலை மாநிலத்துப் பள்ளிச் சுவர்களில் மாட்டும் சார்ட், சில ஆயிரம் பிரதிகள். தலைப்பு: 'நமது மாநிலம் – நிலம், மக்கள், தொழில்'. நன்றாக முடிந்தால் ஆண்டுதோறும் வரும். கெட்டால் மெஷின்காரர்கள் இரண்டு பேருக்கு ஆடி வரை வேலை இல்லை.

கணினியில் வடிவமைப்பது முத்துமாரி. நாரணாபுரத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். சார்ட்டின் ஓரங்களில் நெல், ஆரஞ்சு, மூங்கில், கைத்தறி எல்லாம் அழகாக உட்கார்ந்திருந்தன. நடுவில் வரைபடம். அதன் கீழ்ப்பகுதியில், ஆற்றோரமாகக் கொஞ்சம் சிவப்புப் புள்ளிகள். மேலே முக்கால் பங்கும் வெறும் வெள்ளை. வாடிக்கையாளர் புரூஃப் பார்த்து ஓகே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எனக்குக் கை நமநமவென்றது.

"சார், அவுக ஓகே சொல்லிட்டாக. இனி தொட வேண்டாம்ல?" என்றாள் முத்துமாரி.

காலி இடம் என்பது பக்கம் கட்டுகிறவனின் தோல்வி என்று அவளுக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். (அவள் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள்.) அங்கே இருக்கிற புள்ளிகளையே எடுத்து மேலேயும் நிரப்பச் சொன்னேன். நிரப்பினாள்.

"கோலத்துக்கு வைக்கிற மாதிரி வரிசையா வச்சிட்டேன் சார். போதுமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன். அந்த இரண்டு சொற்களில் பல லட்சம் பேர் பிறந்தார்கள்.

வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'ஒரு புள்ளி = ஆயிரம் பேர்'. அதை நான் படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். படித்தேன். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. மொத்தச் சார்ட்டிலும் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. மக்கள்தான் பிழை.

அச்சு முடிந்த மறுநாள் வாடிக்கையாளர் சரக்கு எடுக்க நேரில் வந்தார். பல பள்ளிகளுக்குச் சேர்த்து வாங்கிக் கொடுக்கும் புவியியல் வாத்தியார். மெதுவாக ஆங்கிலம் பேசுவார். சார்ட்டை மேஜையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். பிறகு வடக்கு மூலையில் விரலை வைத்து, இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அது அழகுக்காக என்றேன். அந்த மூலையில் இருக்கும் பனிமலைக்குத் தான் ஒரு முறை போயிருப்பதாகவும், தன்னையும் சேர்த்து அங்கே மூன்று பேர்தான் இருந்ததாகவும் அவர் சொன்னார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அத்தானும் சத்தம் போடவில்லை. சார்ட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்ள, மலை உச்சியில இம்புட்டுப் பேரக் குடி வச்சிருக்கீகளே, தண்ணிக்கு என்ன செய்வாக?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மலை ஊர்களில் குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. அதில் பாதி லாரிப் பயணத்துக்கே போய்விடும். மூன்று நாளில் சரியான சார்ட் கைக்கு வராவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்வதாக வாத்தியார் சொன்னார். முதலிலிருந்து புள்ளி வைத்தால் அதற்குள் முடியாது. மெஷின்காரர்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சமக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முத்துமாரி திரையிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "பழைய ஃபைலு இருக்கு சார். நீங்க நெரப்பச் சொன்னப்பவே காப்பி எடுத்து வச்சிட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க பேசுன பேச்சுக்கு, பின்னால தேவப்படும்னு தோணுச்சு."

பிளேட் மாற்றி மறுபடி ஓட்டினார்கள். நான் மெஷின் பக்கம் வரக் கூடாது என்பது அத்தானின் ஒரே நிபந்தனை. ஆகவே வாத்தியாரை ஊர் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு. மறுநாள் வெம்பக்கோட்டை அணைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் கரிசல் காடு, இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்னப் பட்டாசு அறைகள், நடுநடுவே வேம்பு. ஆள் நடமாட்டமே கண்ணில் படவில்லை. தன் ஊரைப் போலவே இருக்கிறது என்றார் வாத்தியார்.

சாயங்காலம் திரும்பும்போது நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. கையில் தூக்குவாளியோடு பெண்கள் இறங்கி, ஐந்தே நிமிடத்தில் தெரு நிறைந்துவிட்டது. இந்த ஊருக்கு வரைபடம் போட்டால் புள்ளிகளை எங்கே வைப்பாய் என்று வாத்தியார் கேட்டார். மணி என்ன என்று பார்த்துத்தான் வைப்பேன் என்றேன். வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் லோடு ஏறியது. அடுத்த மாசியிலும் அவருடைய ஆர்டர் வந்தது. கூடவே ஒரு குறிப்பும்: காலி இடங்களைக் காலியாகவே விடவும்.

தப்பாக அச்சடித்ததையெல்லாம் பழைய தாளாக அத்தானின் சிநேகிதர் தன் பட்டாசு ஆலைக்கு எடுத்துக்கொண்டார். வெடிக்குக் குழாய் சுற்றத் தாள் வேண்டுமே. அந்தத் தீபாவளிக்கு அவரிடமிருந்து வழக்கம்போல் ஒரு பெட்டி வந்தது. அக்கா வீட்டு வாசலில் வெடித்து முடித்தபோது, தெரு வரை தாள் சிதறிக் கிடந்தது. அக்கா ஒரு துணுக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். உள்ளே போனவள், விளக்குமாறோடு வந்து அதை என் கையில் கொடுத்தாள்.

"ஏலே, அந்த ஊரு சனத்தப் பெருக்குனது நீதான? நீயே பெருக்கு."

ஆறு தீபாவளி ஆகிவிட்டது. வெடிப்பது யாராக இருந்தாலும் விளக்குமாறு என் கைக்குத்தான் வருகிறது.