சதவீதக் குறி விழுங்கிய வரி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் சுகம். நீங்களும் மகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகமில்லாதது என் மானம் ஒன்றுதான்.

எங்கள் மாடிப்படிச் சுவரில் விரிசல் விட்டிருப்பதைச் சொல்லியிருந்தேன் அல்லவா. வாராவாரம் இரும்பு ஸ்கேல் வைத்து அளந்து வருகிறேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர், கீழ்வீட்டுப் பல் டாக்டர், "சும்மா விரியுது விரியுதுன்னா எப்படி சார்? வரைபடம் போட்டுக் காட்டுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் காட்டுகிறேன் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, நீங்கள் கற்றுக்கொடுத்த, கட்டளை எழுதினால் படம் போட்டுத்தரும் லேடெக் மென்பொருளில், எத்தனையாவது வாரம், எவ்வளவு அகலம் என்று வரிக்கு இரண்டு எண்ணாக அட்டவணை அடித்தேன். ஐந்தாம் வாரத்து வரிக்குப் பக்கத்தில் சதவீதக் குறி போட்டு, 'கண்ணாடி போடாமல் அளந்தது' என்று நேர்மையாக ஒரு குறிப்பும் எழுதினேன். அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதைக் கம்ப்யூட்டர் படிக்காது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். படம் வரவில்லை, வரிக்கு இத்தனை எண் என்ற கணக்கு ஒத்துவரவில்லை என்று பிழைச்செய்திதான் வந்தது. அட்டவணையை அழிச்சு மூணு தடவை புதுசா அடிச்சேன், மூணு தடவையும் அந்தக் குறிப்போட. கீபோர்டை மாத்தினேன். கூட்டத்துல வெறுங்கையோட நின்னு, "மாப்பிள்ளை வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர் சரியில்ல"ன்னு பழியை உங்க தலையிலயும் போட்டுட்டேன், மன்னிக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை எட்டிப் பார்த்து, "அந்தக் குறிப்பை எடுத்துட்டுப் பாருங்களேன்"னா. "படிக்கவே படிக்காததை எடுத்து என்ன ஆகப்போகுது?"ன்னு அரைமணி நேரம் விளக்கம் குடுத்துட்டு எடுத்தேன். படம் வந்துடுச்சு. அப்புறம்தான் கையேட்டைப் புரட்டினேன். சதவீதக் குறி குறிப்பை மட்டுமில்ல, வரிக்கடைசியில நாம தட்டுற என்டரையும் சேர்த்து முழுங்கிடுமாம். அஞ்சாம் வாரமும் ஆறாம் வாரமும் ஒரே வரியாகி, ரெண்டு எண் இருக்க வேண்டிய இடத்துல நாலு நின்னிருக்கு. ஒவ்வொரு வரியையும் ரெண்டு பின்சாய்கோடு போட்டு முடிச்சு, வரி முடிவு இதுதான்னு அட்டவணைக்குச் சொல்லிட்டா, குறிப்பு எழுதினாலும் கெடாதாம்.

படத்தைப் பார்த்த செயலாளர் உடனே இன்ஜினியரை வரச்சொல்லியிருக்கிறார். என்னால் ஒரு கட்டடமே பிழைத்தது. மகளிடம் சொல்லுங்கள்.

இருவரும் குறைவின்றி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்குமுன் இன்ஜினியர் வந்து போய்விட்டார். விரிசல் பல வருடமாக அசையவே இல்லையாம். ஓரம் தெளிவாகத் தெரியட்டும் என்று வாராவாரம் நான் ஸ்கேல் முனையால் சுரண்டியதில்தான் அகலமாகியிருக்கிறது. நானே சாந்து பூசி அடைக்க வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம். எப்படி அடைப்பது என்று பல் டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லித் தருவாராம்.